சுவரின் சாட்சியம்

புயலுக்குப் பின்னர் ஒரு பழைய கட்டடத்தின் முன் இரு தரப்பினர் வந்து நிற்பர். இடிப்பதற்கு இயந்திரத்தோடு வருவோர் ஒரு தரப்பினர். அளப்பதற்குக் கருவியோடு வருவோர் மற்றத் தரப்பினர். இவர்களுள் முந்தி வருபவர் யார் என்பதே பெரும்பாலும் அக்கட்டடத்தின் விதியை நிர்ணயிக்கின்றது. இது பொறியியலாளர்க்குரிய வினா எனத் தமிழ் கற்பிக்கும் நாம் ஒதுங்கிவிடலாகாது. எதனைக் காப்பது, எவருடைய அறிவை அறிவெனக் கொள்வது என்பன சமுதாய வினாக்களேயாம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மேஃபீல்ட் என்னும் சிறு நகரை 2021 டிசெம்பர் 10ஆம் திகதி இரவு சுழற்காற்று ஒன்று தாக்கியது. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 305 கிலோமீற்றர். அழிவுப் பாதையின் நீளம் ஏறத்தாழ 266 கிலோமீற்றர். அப்பாதை நெடுகிலும் பலியான உயிர்கள் 57. நகரின் நடுவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட நீதிமன்றத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் சரிந்தது. சூழவிருந்த பழைய செங்கற் கடைகளும் தேவாலயங்களும் நொறுங்கின. நீதிமன்றம் பின்னர் இடித்தகற்றப்பட்டது.

செங்கற் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதில் வல்லது. பக்கத்திலிருந்து வரும் தள்ளுதலைத் தாங்குவதில் மெலிந்தது. காற்று யன்னல்களை உடைத்து உட்புகுந்து கூரையை மேலே தூக்குகின்றது. கூரை போனதும் சுவரின் தலையைப் பற்றியிருந்த பிடி அற்றுப்போகின்றது. உயர்ந்த சுவர் சாய்கின்றது. பல வரிசைச் செங்கற்களாலான சுவரில் வெளிவரிசை மட்டும் உரிந்து வீழ்வதும் உண்டு. எஞ்சிய சுவர் உறுதியாக நிற்கின்றதா, நிற்பது போலத் தோன்றுகின்றதா என்பதைக் கண்பார்வையால் மாத்திரம் கூறுதல் அரிது.

இங்கேதான் கணினி துணைக்கு வருகின்றது. ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு ஆளில்லா வானூர்தி எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்தும், லேசர்க் கதிர் அளக்கும் தூரங்களிலிருந்தும் கோடிக்கணக்கான புள்ளிகள் பெறப்படுகின்றன. அவை திரண்டு கட்டடத்தின் முப்பரிமாண உருவமாகின்றன. எவரும் சுவரடியிற் சென்று உயிரைப் பணயம் வைக்காமலே அதன் சாய்வையும் வெடிப்பின் அகலத்தையும் அளந்துவிடலாம். பின்னர் அவ்வுருவைச் சிறு கூறுகளாகப் பிரித்து, காற்றின் அழுத்தத்தைக் கணக்கிலேற்றி, எவ்விடம் முதலில் முறியும், எங்கே முட்டுக் கொடுத்தாற் போதும் எனக் கணிக்கலாம். கட்டடம் முழுவதையும் ஆபத்தானதெனத் தள்ளாமல், ஆபத்து எந்த மூலையில் உள்ளது எனச் சுட்டிக்காட்ட முடிகின்றது.

எனினும், புயலுக்கு முந்திய அளவொன்று இல்லாதவிடத்துப் பிந்திய அளவு பாதி அறிவே. சாய்வு நேற்று நேர்ந்ததா, நூறாண்டுக்கு முந்தியதா என அது கூறாது. பாரிஸ் நகரின் நோத்ர்தாம் தேவாலயத்தை அன்ட்ரூ டலன் என்னும் கலை வரலாற்றாசிரியர் 2010ஆம் ஆண்டளவில் லேசர்க் கருவியால் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சேமித்து வைத்தார். அவர் 2018இல் மறைந்தார். 2019 ஏப்ரலில் தேவாலயம் தீப்பற்றியபோது, அவர் விட்டுச்சென்ற அளவுகள் மீளமைப்போர்க்கு உதவின. உலகப் புகழ்பெற்ற கட்டடத்துக்கு இத்தகைய ஒருவர் வாய்த்தார். ஊர்ப் பாடசாலைக்கு யார் வாய்ப்பர்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, நாம் கற்பிக்கும் பாடசாலையில் சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய பழைய மண்டபம் ஒன்றுண்டு. 1978 நவெம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியிற் கூரையை இழந்து, பின்னர் மீண்ட மண்டபம் அது. 2025 நவெம்பர் இறுதியில், டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நாட்களில், அதன் முக்கோண முனைச்சுவரில் வெடிப்புக் கண்டது. பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் கால்மணி நேரத்தில், இடிக்கத்தக்கது என எழுதிச் சென்றார். மண்டபத்தின் பழைய படங்களைத் தேடினோம். கிடைத்தவை யாவும் ஆண்டு விழாப் படங்கள். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அவற்றைப் பார்த்துவிட்டு, "சேர், எல்லாப் படத்திலயும் ஆக்கள்தான் நிக்கிறாங்க, சுவரக் காணல்லியே" என்றாள்.

கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று, கைத்தொலைபேசியால் நாமும் மாணவரும் படங்கள் எடுத்தோம். அளவுக்காக ஒரு மீற்றர்க் கோலொன்றைப் படத்தில் நிறுத்தினோம். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அவற்றை ஓர் உருவமாக இணைத்தது. 45 சென்ரிமீற்றர் தடித்த சுவரின் உச்சி வெளிப்புறமாக 4 சென்ரிமீற்றர் சாய்ந்திருந்தது. அச்சாய்வு எக்காலத்தது என்பதை உருவம் சொல்லவில்லை. சொன்னவர் ஊரின் முதிய மேசன் ஒருவர். 1978இன் பின் கூரை போட்டபோதே சுவர் சாய்ந்திருந்ததென்றும், தாம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததாகவும் கூறினார். வெடிப்பு ஓடிய இடம், அக்காலத்திற் சீமெந்தாற் பூசி ஒட்டிய இடம் என்றார். சுண்ணாம்புச் சாந்து சிறிது அசைவைப் பொறுக்கும். இறுகிய சீமெந்து பொறுக்காது. இது அவர் கைகண்ட பாடம். அவர் கூற்றையும் அளவுகளையும் இணைத்து, மீண்டும் பரிசோதிக்குமாறு விண்ணப்பித்துள்ளோம். முடிவு இன்னும் வரவில்லை.

உழைப்பவன் அறிந்ததை ஏட்டில் ஏற்றாத வழக்கம் எங்கும் உண்டு. மேஃபீல்டில் அதே இரவு மெழுகுதிரித் தொழிற்சாலையொன்று தரைமட்டமாகி, உள்ளே வேலை செய்த 9 பேர் மாண்டனர். வெளியேறினால் வேலை போய்விடும் என எச்சரிக்கப்பட்டதாகத் தொழிலாளர் சிலர் பின்னர் கூறினர். நிறுவனம் அதனை மறுத்தது. இடிபாட்டை அளக்கும் கருவி சுவர் எவ்வாறு வீழ்ந்தது எனக் கூறும். வீழுமென அஞ்சியவனின் சொல்லுக்கு மதிப்பிருந்ததா என்பதை அது கூறாது. அதனைக் கேட்க வேண்டியவர் மனிதர்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னர் உங்கள் ஊரின் பழைய பாடசாலையையும் சனசமூக நிலையத்தையும் மாணவரோடு சென்று படமெடுத்து, திகதியிட்டு வையுங்கள். அவற்றைக் கட்டியோரும் செப்பனிட்டோரும் உயிரோடிருப்பின் அவர்கள் சொல்வதையும் எழுதி, அப்படங்களோடு சேர்த்து வையுங்கள்.