உள்டயர் வால்வு

கனடாவின் கால்கரியில் பனி கரையும் ஏப்ரல் மாதத்தில் தெருவெல்லாம் சரளைக்கல்லாகக் கிடக்கும். வண்டிகள் வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கத் தூவிய கல் அது. கூடவே உப்பும் தூவுவார்கள். ஒரு வருஷம் முதல் பயணத்துக்கு முன்னால் என் பிக்கப் வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் பம்பரில் பொருத்தியிருந்த, சஸ்பென்ஷன் காற்றுப் பையின் வால்வு களிம்பேறி, மூடியைத் திருகவே முடியாதபடி இறுகிப்போயிருந்தது. கையில் காற்றுமானியோடு அந்த ஈரத்தில் மண்டியிட்டிருந்தபோது எனக்குத் திண்டிவனம் பஞ்சர் கடை ஞாபகம் வந்தது.

அப்பா விழுப்புரத்தில் லாரி ஓட்டினார். சர்க்கரை ஆலை ஓடும் பருவத்தில் முண்டியம்பாக்கத்துக்குக் கரும்பு, மற்ற மாதங்களில் சென்னைக்கு நெல் மூட்டை. பள்ளி லீவு விட்டால் நானும் ஏறிக்கொள்வேன். விக்கிரவாண்டி தாண்டி, கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டரில் திண்டிவனம். புளியமரங்கள் அடர்ந்த திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். என் நினைவிலும் அந்த ஊர் ஒரு புளியமர நிழல்தான். அதன் கீழே ஒரு பஞ்சர் கடை. அங்கே வண்டியை நிறுத்தாமல் அப்பா ஒருநாளும் சென்னை போனதில்லை.

லாரியின் பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர். வெளிடயரின் வால்வு கண்ணுக்குத் தெரியும். உள்டயரின் வால்வு இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். நீளமான ஒரு குழாயை மாட்டி, வெளிச்சக்கரத்தின் ஓட்டை வழியாக அதை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அந்தக் குழாய் உடைந்துபோன ஒருநாள், கடைக்காரர் "அடுத்த நடைக்குப் பாத்துக்கலாம்ணே" என்றார். அப்பா கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்ற வைத்தார். "கை எட்டலன்னா எவனும் காத்து பாக்க மாட்டான்டா. அப்புறம் அந்த உள்டயர்தான் நடுரோட்டுல வெடிக்கும்" என்று என்னிடம் சொன்னார். ஒன்றரை மணி நேரம் தாமதமாகச் சென்னை போய்ச் சேர்ந்தோம்.

இங்கே என் வண்டி முதுகில் சுமப்பது நெல் மூட்டை இல்லை, ஒரு சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள கேம்பரைப் பிக்கப்பின் தொட்டிக்குள் இறக்கி, நான்கு மூலையிலும் இழுத்துக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறோம். ஆயிரம் கிலோவைத் தாண்டும் அந்தச் சுமையில் ஸ்பிரிங் பட்டைகள் தாழ்ந்துவிடும். சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு ரப்பர் பையை வைத்துக் காற்றடித்தால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஜி.எஸ்.டி. சாலையில் இரவு விரையும் ஆம்னி பஸ்களின் ஏர் சஸ்பென்ஷனும் காற்றுப் பைதான். அந்த பஸ்ஸில் காற்றை எஞ்சினே அடித்துக்கொள்ளும். என் வண்டியில் நான்தான் அடிக்க வேண்டும். வால்வு, டயரில் இருக்கும் அதே ஷ்ரேடர் வால்வுதான். வண்டி காலியாக ஓடினாலும் பையில் 5 பவுண்டாவது காற்று இருக்க வேண்டும். 100 பவுண்டைத் தாண்டக் கூடாது.

எனக்கு முதலில் பொருத்திக் கொடுத்தவர்கள் இரண்டு பைகளையும் ஒரு டி ஜாயிண்டில் சேர்த்து, ஒரே வால்வாகப் பம்பரில் வைத்துவிட்டார்கள். பான்ஃப் இங்கிருந்து திண்டிவனம் சென்னை அளவுக்கே உள்ள தூரம். அங்கே போகும் 1ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு வளைவில் பக்கக்காற்று அடித்தது. கேம்பர் சாய்ந்தது. நிமிரவில்லை. அழுந்திய பையின் காற்று குழாய் வழியாக எதிர்ப்பக்கப் பைக்கு ஓடி அந்தப் பக்கத்தை இன்னும் தூக்கிவிட்டது. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். மலை அடிவாரம் வரைக்கும் நான் பேசவே இல்லை.

திரும்பி வந்ததும் பையையும் குழாயையும் பிரித்து நானே மாற்றினேன். இடப்பக்கப் பைக்கு ஒரு குழாய், வலப்பக்கப் பைக்குத் தனிக் குழாய். கேம்பரில் தண்ணீர்த் தொட்டியும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம் இருந்தால் இரண்டு பைக்கும் ஒரே அளவு காற்று சரிவராது. அதற்கும் தனித்தனி வால்வுதான் வழி.

வால்வை எங்கே வைப்பது என்பதைத்தான் நிறைய யோசித்தேன். பின் பம்பர் வேலைக்குச் சுலபம். ஆனால் கேம்பர் ஏறியதும் அதன் பின்பகுதியும் படிக்கட்டும் அந்த இடத்தை மூடிவிடுகின்றன. பின்சக்கரம் வாரியடிக்கிற உப்பும் அங்கேதான் போய்ப் படிகிறது. பெட்ரோல் மூடிக்குள் வைக்கிறவர்கள் உண்டு. சுத்தமான இடம், மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு வால்வும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும், எது எந்தப் பைக்கு என்று எழுதி ஒட்ட வேண்டும், பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் துளை போட வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. சக்கர வளைவின் விளிம்பில் வைத்தால் சரளை அடித்து நொறுக்கிவிடும்.

நான் வைத்தது பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், பிக்கப் தொட்டியின் அடிவிளிம்புக்கு உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக. சின்ன இரும்புப் பட்டையில் துளை போட்டு, வால்வு முனை வெளிப்பக்கம் பார்க்கும்படி முடுக்கினேன். பித்தளை மூடி, உள்ளே ரப்பர் வாஷர். பின்டயரில் காற்றுப் பார்க்கக் குந்தும்போதே பையின் காற்றையும் பார்த்துவிடலாம். தனியாக ஒரு முறை குனிய வேண்டியதில்லை. குழாயைக் கூரான கத்தியால் நேராக வெட்டினேன், சைலன்ஸர் சூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோனேன், ஆக்சில் ஏறி இறங்கக் கொஞ்சம் தளர்வும் விட்டேன். கடைசியில் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி முட்டை வருகிறதா என்று பார்த்தேன். திண்டிவனம் பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிப் பார்த்த அதே வேலை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காற்றுப் பை வண்டியை நிமிர்த்தும், தாங்கும் எடையைக் கூட்டாது. முண்டியம்பாக்கம் ஆலை வரிசையில் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டுக் கரும்பை மலையாக ஏற்றிய லாரிகளைப் பார்த்திருக்கிறேன். பட்டை தாங்கியது. ஆக்சிலும் டயரும் பிரேக்கும் பழையவையேதான். இங்கே டிரைவர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் எடை அட்டையை முதலில் படியுங்கள்.

வால்வுக்குத் துளை போடும் முன் கேம்பரை வண்டியில் ஏற்றி நிறுத்துங்கள். சமதரையில், குளிருக்கான கையுறையைப் போட்டுக்கொண்டு, பின்சக்கரத்தருகே குந்திப் பாருங்கள். கை எங்கே எட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு டிரில்லை எடுங்கள்.