தொலைவு தெரியும், தன்மை தெரியுமோ?

இருட்டை எடைபோட இயலுமா? இயலும் என்கின்றனர் விண்ணியலார். பேரண்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு 'இருண்ட ஆற்றல்' என்கின்றனர். எடை இருக்கட்டும், இயல்பு என்ன என்பதே என் கேள்வி.

1998-இல் இரு குழுவினர், வெடித்துச் சிதறும் சூப்பர்நோவா விண்மீன்களை ஆராய்ந்தனர். எதிர்பார்த்ததைவிட அவை மங்கித் தெரிந்தன. மிகுந்த தொலைவில் இருந்தன என்பதே அதன் பொருள். பேரண்டம் விரிகிறது, அவ்விரிவும் விரைவுபெறுகிறது என்பது புலனாயிற்று. 2011-இல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது.

ஆனால், அந்த ஆற்றலைக் கண்டவர் எவர்? கண்டது ஒளி, ஒளியிலிருந்து கணித்தது தொலைவு. தொலைவு மாறும் வீதம் விரிவின் வேகத்தைச் சொல்லும். வேகம் மாறும் வீதமே ஆற்றலின் தன்மையைச் சொல்லும். படிக்குப் படி, பிழை பெருகுகிறது! ஆண்டு முடிவில் பெட்டியிலிருந்த தொகையை மட்டும் அறிந்தவன், எந்த நாளில் எவ்வளவு விற்றதென்று எங்ஙனம் உரைப்பான்? வெவ்வேறு வரலாறுகள் ஒரே தொலைவைத் தரக்கூடும். பருப்பொருளின் அளவைச் சற்றே மாற்றிக்கொண்டால், ஆற்றலின் முகமும் மாறிவிடுகிறது.

"அந்த ஆற்றல் வலுக் குன்றுகிறதாமே!" என்றார் நண்பர் ஒருவர், களிப்புடன். அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள டெசி கருவியின் முடிவைத்தான் குறிப்பிட்டார். 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்களையும் குவேசார்களையும் அளந்து, 2025-இல் வெளியிட்ட முடிவு அது. அளவீடு அரியது, ஐயமில்லை. ஆயினும், எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பை உடன் சேர்க்கிறோம் என்பதற்கேற்ப, அதன் உறுதி 2.8 சிக்மாவிலிருந்து 4.2 வரை ஏறி இறங்குகிறது. கண்டுபிடிப்பென்று முழங்க 5 வேண்டும் என்பது இயற்பியலார் வகுத்த வரம்பு. அன்றியும், காலந்தோறும் மாறும் தன்மையை இரண்டே எண்கள் கொண்ட வாய்பாட்டில் அடைத்தே அந்தக் கணக்கைப் போட்டனர். வாய்பாடு நாம் தேர்ந்தது, வானம் தந்ததன்று!

எனவே நண்பரிடம், "குன்றலாம், குன்றியது என்று கூறும் நாள் இன்னும் வரவில்லை" என்றேன். அவர் முகம் வாடியது.

வாடுவானேன்? அந்த ஆற்றல் மாறாதிருப்பின், தொலைதூரத் திரள்கள் விலகி விலகி ஒருநாள் பார்வைக்கே எட்டாமற் போகும். குன்றுமாயின், முடிவு வேறாகலாம். அண்டத்தின் எதிர்காலத்தையே தீர்மானிக்கும் தீர்ப்பு அது. அத்தகைய தீர்ப்பை அவசரத்தில் எழுதலாமா? அளந்தது இது, அனுமானித்தது இது என்று பிரித்துச் சொல்லும் துணிவே அறிவியலின் ஆற்றல். அது இருண்டதன்று, ஒளி மிக்கது!