சூடேறினால் மேலே ஏறும் குண்டு: ஃபெர்லாக் ஊரின் துப்பாக்கிப் பட்டறைகள்

ஆஸ்திரியாவின் தெற்கு மாநிலமான கெர்ன்டனில், கிளாகன்ஃபுர்ட் நகரத்தை விட்டுத் தெற்கே இறங்கி டிராவ் ஆற்றைத் தாண்டினால் ரோசன்டால் பள்ளத்தாக்கு வந்துவிடும். சாலையின் இருபுறமும் மக்காச்சோளமும் வைக்கோலுக்கு விட்ட புல்வெளிகளும். மரத்தால் கட்டிய தேனீக் கூடங்களும் உண்டு. உலகம் முழுக்கத் தேனீ வளர்ப்போர் விரும்பும் கார்னிகா இனத்துக்கு இந்தப் பக்கம்தான் தாய்வீடு. புல்வெளி முடிகிற இடத்தில் கராவாங்கன் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஸ்லோவேனியா. இந்தப் பக்கம் அடிவாரத்தில் ஃபெர்லாக். நாட்டின் தென்கோடி நகரம் இதுதான். ஸ்லோவேனிய மொழி பேசும் குடும்பங்களும் இங்கே இருப்பதால் ஊருக்கு போரோவ்ல்யே என்று இன்னொரு பெயரும் உண்டு.

இங்குள்ள பண்ணைகளில் பெரும்பாலும் கீழே புல்வெளி, மேலே ஸ்ப்ரூஸ் மரக்காடு என்ற அமைப்பு. பால் மாதச் செலவுக்கு, மரம் பெரிய செலவுக்கு. ஒரு டிராக்டர் வாங்கவோ கொட்டகைக்குக் கூரை மாற்றவோ மரத்தைத்தான் வெட்டுவார்கள். அந்த மரத்தின் பட்டையைத்தான் குளிர்காலத்தில் செம்மான் உரித்துத் தின்கிறது. உரித்த இடத்தில் பூஞ்சை ஏறி உள்ளே அழுகும். மான் வாய் எட்டுவது அடிமரத்துக்கு. நல்ல விலை போவதும் அந்த அடிமரம்தான். காட்டுப்பன்றி வருகிற இடங்களில் புல்வெளி ஒரே இரவில் உழுத நிலமாகிவிடுகிறது. புரட்டிய மண் புல்லோடு சேர்ந்து சைலேஜுக்குள் போனால் தீவனம் கெடும், மாடு நோயில் விழும்.

இதற்கு அந்த நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேட்டை உரிமை நிலத்தோடு சேர்ந்தது. ஒரே தொகுதியாக 115 ஹெக்டேர் வைத்திருப்பவர் தன் நிலத்தைத் தனி வேட்டைப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். அதைவிடக் குறைவாக இருப்பவர்களின் நிலங்கள் சேர்ந்து ஊர்ப் பொது வேட்டைப் பகுதியாகி, குத்தகைக்குப் போகின்றன. குத்தகைப் பணம் நில உடைமையாளர்களுக்கு. மான் எத்தனை சுட வேண்டும் என்பதை அதிகாரிகள் ஒப்புதல் தரும் திட்டம் முடிவு செய்கிறது. விலங்கால் பயிருக்கும் மரத்துக்கும் வந்த சேதத்துக்கு வேட்டை உரிமை வைத்திருப்பவர் ஈடு கொடுக்க வேண்டும். பன்றிக்கு நிலக்கடலையைப் பறிகொடுத்துவிட்டு மனு எழுதிக்கொண்டிருக்கும் நம் வாசகர்களுக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஆகவே இங்கே துப்பாக்கியும் அரிவாள், ரம்பம் போல ஒரு பண்ணைக் கருவி. ஆனால் குறி சில சென்டிமீட்டர் பிசகினால் அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடும். இரத்தச் சுவட்டைப் பிடிக்கப் பழகிய நாயை வரவழைத்து, விடிய விடியத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த உயிர் எங்கோ கிடந்து வதைபடும். ஃபெர்லாக் பட்டறைகளில் இத்தனை தலைமுறையாகப் படும் பாடெல்லாம் இந்த ஒரு கவலையைச் சுற்றித்தான்.

துப்பாக்கித் தொழில் 16-ம் நூற்றாண்டில் இங்கே வேரூன்றியது. மலையிலிருந்து விழும் ஓடை சம்மட்டியை ஓட்டியது, காடு கரி தந்தது, இரும்பும் பக்கத்திலேயே கிடைத்தது. நெப்போலியன் காலத்துப் போர்களுக்கு இங்கிருந்து ராணுவத் துப்பாக்கிகள் போயின. பின்னால் ராணுவம் பெரிய தொழிற்சாலைகளின் பக்கம் திரும்பவே, ஊர் வேட்டைத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டது. 1878-ல் தொடங்கிய தொழிற்பள்ளி இன்றும் நடக்கிறது. ஊர்க் கோட்டைக்குள் துப்பாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது.

அருங்காட்சியகத்தில் ஒரே கட்டையில் இரண்டு, மூன்று, நான்கு குழல் பூட்டிய துப்பாக்கிகளைக் காணலாம். மலையேறுகிறவர் இரண்டு துப்பாக்கியைச் சுமக்க முடியாது. எட்டத்தில் நிற்கும் மலையாட்டுக்கு ஒற்றைக் குண்டு போகும் ரைஃபிள் குழல் வேண்டும். கிட்டத்தில் ஓடும் முயலுக்கோ நரிக்கோ ரவை தெறிக்கும் குழல் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் ஃபெர்லாக்கின் பெயர் சொல்லும் வேலை. தலைவலி தொடங்குவதும் அங்கேதான்.

இரும்பு சூடானால் நீளும். 60 செ.மீ. குழல் 50 டிகிரி சூடேறினால் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றும் ஆசாரிக்குத் தெரிந்த கணக்குதான் இது. குழல் தனியாக இருந்தால் நீண்டுவிட்டுப் போகிறது. மூன்று குழல் துப்பாக்கியில் வழக்கமாக ரவைக் குழல் இரண்டு மேலே, ரைஃபிள் குழல் கீழே. மூன்றையும் பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். கீழ்க்குழலில் மட்டும் சுட்டால் அது மட்டும் சூடாகி நீளப் பார்க்கும். மேலே குளிர்ந்து நிற்கும் இரண்டும் விடாது. கீழே நீண்டு மேலே நீளாவிட்டால் மொத்தமும் மேல்நோக்கி வளையத்தானே செய்யும்? முதல் குண்டு குறியில், இரண்டாவது அதற்கு மேலே, மூன்றாவது இன்னும் மேலே என்று அட்டையில் துளைகள் ஏணிப்படி போல ஏறும். வேட்டைக்காரர்கள் ஜெர்மன் மொழியில் இதை ‘ஏறுதல்’ என்றே சொல்கிறார்கள். குழலின் நுனி 0.1 மி.மீ. சாய்ந்தாலே 100 மீட்டரில் குண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் விலகும்.

ஒற்றைக் குழல் துப்பாக்கியும் முழுக்கத் தப்புவதில்லை. துளை நடுவில் விழாமல் ஒரு பக்கச் சுவர் தடித்துப்போனால் சூட்டில் ஒரு பக்கமாக வளையும். தயாரிக்கும்போது கோணிய குழலைக் குளிர்ந்த நிலையில் தட்டி நிமிர்த்தியிருந்தால், அந்த இறுக்கம் இரும்புக்குள்ளேயே தங்கி, சூடேறும்போது பழைய கோணலை நினைத்துக்கொள்ளும். ஈரத்தில் ஊதிய மரக்கட்டை குழலை நெருக்குவதும் உண்டு; அதனால் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளி விடுகிறார்கள். தடித்த குழல் மெதுவாகச் சூடாகும் என்றாலும் எடையோடு மலை ஏறுவது யார்?

உள்ளே தங்கிய இறுக்கத்தைப் போக்கத்தான் உலை. குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகை முதலில் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்துப் பதமாக்குகிறார்கள். அரிவாளைப் போல விளிம்பு கூராக நிற்கும் கடினம் இதற்கு வேண்டாம். வெடிப்பின் அழுத்தத்தில் உடையாமல் தாங்கும் உறுதி போதும். துளையிட்டு, உள்ளே சுருள் வரியை உருவாக்கும்போது இறுக்கம் மறுபடி சேரும். குழலை வெளியிலிருந்து சம்மட்டி இயந்திரத்தால் அடித்து உள்வரியை அச்சாக விழவைக்கும் முறையில் அது இன்னும் அதிகம். அதற்காகச் சுமார் 550, 600 டிகிரியில் வைத்து, அவசரமில்லாமல் ஆறவிடுகிறார்கள். சூடு முன்பு கொடுத்த பதத்தைத் தாண்டினால் எஃகு இளகிவிடும்.

மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குக் கிட்டத்தட்ட அதே குளிருக்குக் குழலைக் கொண்டுபோகும் முறையும் பல நாடுகளில் விற்பனையாகிறது. உலையில் ஒழுங்காக ஆறிய குழலுக்கு அது துல்லியத்தைக் கூட்டும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை. மோசமாகச் செய்த குழலை அது காப்பாற்றவும் காப்பாற்றாது.

பல குழல்களை ஒட்டுவது தனிக் கலை. நீளவாக்கில் வைக்கும் ஈயம், வெள்ளீயப் பற்று 200 டிகிரியை ஒட்டி உருகுவதால் எஃகின் பதம் கெடாது. வாய்ப்பக்கம் மட்டும் ஒரு சிறு ஆப்பு வைத்து, சுட்டுப் பார்த்து, பற்றை இளக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடி பற்று வைத்து, மறுபடி சுடுவார்கள். ஒவ்வொரு முறையும் குழல் முழுக்கக் குளிரும் வரை காத்திருந்தாக வேண்டும். சூட்டோடு சரிசெய்த குறி, காட்டில் குளிர்ந்த குழலுக்குப் பொய்யாகிவிடும். கறுப்பு நிறம் ஏற்றுவதிலும் இதே கவனம். கொதிக்கும் காரக் கரைசல் ஈயப் பற்றை அரித்துவிடும். அதனால் குழலைத் துருப்பிடிக்கவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி துருப்பிடிக்கவிட்டு, நிறம் ஆழமாகும் வரை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். துருவை எதிரியாகவே பார்த்த விவசாயிக்கு இந்த வேலை வேடிக்கையாக இருக்கும். குழல்களைப் பற்று வைக்காமல், ஒன்று நீண்டால் மற்றதை இழுக்காதபடி தளர்வாகப் பொருத்தும் புதிய துப்பாக்கிகளில் ஏறும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்திருக்கிறது. பழைய முறைத் துப்பாக்கிக்கும் ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வேட்டைப் பருவத்துக்கு முன், வசந்தத்தில், விவசாயிகள் குறி சரிபார்க்கச் சுடுகளத்துக்கு வருகிறார்கள். அவர்கள் மதிப்பது முதல் குண்டைத்தான், ஏனென்றால் காட்டில் குழல் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். குளிர்காலம் முழுக்க எண்ணெய் தடவி வைத்த குழலை உலர்ந்த துணியால் துடைக்காமல் சுட்டால் அந்த முதல் குண்டே வேறு இடத்துக்குப் போகும். அதற்கு ‘எண்ணெய்க் குண்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூடான குழலுக்கு மேலே காற்று அலையும்போது தொலைநோக்கியில் குறியே நெளியும். ஒரு குண்டு சுட்டதும் துப்பாக்கியைத் திறந்து நிழலில் சாய்த்து வைக்கிறார்கள். அடுத்த குண்டுக்குக் கால் மணி நேரம் ஆகலாம். அதுவரை புல் முதல் அறுப்புக்கு வந்துவிட்டதா, மழை எப்போது விடும் என்று பேச்சு. நடுவில் ஒருவர் எழுந்து போய்க் குழலைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். வெதுவெதுப்பு இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறார்.