சாவி யார் வீட்டில்?

ராத்திரி ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் மனிதர் எப்போது தூங்குவார்? பகலில்தானே! வீடோ ஒரே அறை. அதற்குள் இரண்டு வயதுக் குழந்தை. சகோதரிகளே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். எங்கள் தெருவுக்குச் சமூக நலக்கூடம் எதற்கு என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

1986-ல் கல்யாணமாகி நான் திருவொற்றியூருக்கு வந்தேன். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் கடல், நடுவில் எங்கள் தெரு. அப்போது இது தனி நகராட்சி. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. "மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை" என்று பெருமையாகக் கட்டிக் கொடுத்தார்கள். கம்பெனி வேலை என்றால் மூன்று ஷிப்ட் என்பதை ஒருவரும் சொல்லவில்லை!

1988-ல் மகள் பிறந்தாள். அவள் நடக்க ஆரம்பித்ததும் வந்தது வினை. அவர் தூங்கும்போது குழந்தை சிணுங்கக் கூடாது. நான் என்ன செய்வேன்? டீயில் பன்னைத் தோய்த்துக் கையில் கொடுத்து, வாசற்படியில் உட்கார வைத்துவிடுவேன். அரை மணி நேரம் சத்தம் இருக்காது. மறுபடி சிணுங்கினால் மறுபடி பன். மத்தியானம் சோறு வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்வாள். 'சாப்பாட்டில் பிடித்தமில்லாத பெண்' என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெருக்கோடியில் நகராட்சி கட்டிய கூடம். காலையில் பால்வாடி, மத்தியானம் தையல் வகுப்பு, மாலையில் பையன்களின் கேரம் போர்டு, ஞாயிறு வந்தால் யாருக்காவது வளைகாப்பு. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது, 1982 ஜூலையில் கிராமங்களில் தொடங்கிய சத்துணவு செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. எனவே பால்வாடியில் மத்தியானச் சோறும் உண்டு. மகளை அங்கே சேர்த்தேன். உண்மையைச் சொல்கிறேனே, அவள் படிக்க வேண்டும் என்றல்ல, அவர் தூங்க வேண்டும் என்றுதான்!

மூன்றாம் மாதம் டீச்சர் என்னை நிறுத்தினார். எடை அட்டையை விரித்துக் காட்டினார். மற்றக் குழந்தைகளின் கோடு ஏறிக்கொண்டு போக, என் மகளுடையது படுத்துக் கிடந்தது. மூன்று மாதமாக அதே எட்டே முக்கால் கிலோ.

"ஏம்மா, குழந்தைக்கு வீட்ல என்ன குடுக்கறே?"

சொன்னேன். டீச்சர் கோபிக்கவில்லை. பக்கத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேரனுக்காகக் காத்திருந்த மீன்காரம்மாதான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா நீ? பச்சப் புள்ளைக்கு டீத்தண்ணி ஊத்திக்கினு கீறே! நெத்திலி வாங்கிக்கினு போறியே, ஒரு துண்டு புள்ள வாய்ல வச்சியா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழந்தைக்குப் பசியை அடக்குவது மட்டுமல்ல, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமலும் டீ தடுத்துவிடும் என்று டீச்சர் விளக்கினார். கேழ்வரகு மாவும் வறுத்த பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் சேர்த்துக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கொடுக்கச் சொன்னார். வயிறு சின்னது, அதனால் ஒரே தடவையாகத் திணிக்காமல் நாளைக்கு ஐந்து வேளை. முள் நீக்கிய நெத்திலியைச் சோற்றோடு பிசைந்து கொடுக்கச் சொன்னது மீன்காரம்மா. நாலைந்து மாதத்தில் பத்து கிலோவைத் தாண்டினாள்.

அவள் இப்போது சமூக சேவைப் படிப்பு படித்தவள். 1884-ல் கிழக்கு லண்டனின் ஏழைத் தெருக்களில் டாயின்பீ ஹால் என்று ஒன்றைத் தொடங்கினார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்த ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணி, 1889-ல் தோழியோடு சேர்ந்து சிகாகோவில் 'ஹல் ஹவுஸ்' தொடங்கினாராம். அங்கேயும் சீக்கிரமே குழந்தைகளுக்கான வகுப்பு வந்துவிட்டதாம். மகள் சொல்லக் கேட்டதும் நான் கேட்ட ஒரே கேள்வி: "அங்கே சாவி யார் வீட்டில் இருந்தது?"

சும்மா கேட்கவில்லை. 1993-ல், மகனுக்கு இரண்டு வயதாகும்போது, ஒருநாள் கூடத்தில் பெரிய பூட்டு! விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் நாற்காலி, அண்டா எல்லாவற்றையும் உள்ளே அடைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி கேட்டால் "அவரைக் கேளு", அவரைக் கேட்டால் "இவரைக் கேளு". ஏழு மாதம்! டீச்சர் திண்ணையிலேயே குழந்தைகளை வைத்துக்கொண்டார். எடை மெஷின் உள்ளே மாட்டிக்கொண்டது. பழைய பேப்பர் கடைத் தராசில் பிள்ளைகளை நிறுத்தோம். அந்தத் தராசு எந்தக் காலத்தில் சரியான எடை காட்டியது, சொல்லுங்கள்!

கடைசியில் இருபது பேர், இடுப்பில் பிள்ளைகளோடு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தோம். பிள்ளைகளின் கச்சேரியை அவர்களால் தாங்க முடியவில்லை! அன்று மாலையே இரண்டு சாவி கிடைத்தது. ஒன்று டீச்சரிடம். இன்னொன்று மீன்காரம்மாவிடம். காசிமேட்டுக்குப் போக இரண்டரை மணிக்கே எழுந்துவிடும் வீடு அது.

2023 டிசம்பர் 26. மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் கலந்த துயரமும் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நள்ளிரவில் எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிய, மூச்சு முட்ட, கிடைத்த ஆட்டோவிலும் வண்டியிலும் ஓடி வந்தார்கள். 2004-ல் சுனாமி வந்ததும் இதே தேதிதான். அதனால் பெரியவர்களுக்கு இரட்டைப் பயம்.

மீன்காரம்மா காலமாகி நாளாகிறது. அவர் மருமகள் தலையை முடிந்துகொண்டே ஓடிப் போய்க் கூடத்தைத் திறந்தாள். நாங்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தோம். எரிகிற கண்ணை நல்ல தண்ணீரில் நிறைய நேரம் அலச வேண்டும், தேய்க்கவே கூடாது. வந்தவர்களில் ஒரு பெண்ணின் மடியில் நாற்பது நாள்கூட ஆகாத சிசு. எடை மெஷின் இருக்கும் மூலையில், பால்வாடிப் பாயை விரித்து, புடவையை மறைப்பாகக் கட்டிக் கொடுத்தோம். விடியும்வரை அவள் அங்கே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

இப்போது என் பேத்திக்கு அதே மூலையில்தான் எடை பார்க்கிறார்கள். பெயர் அங்கன்வாடி என்றாலும் எங்கள் வாயில் பால்வாடிதான் வருகிறது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் இன்னும் போடவில்லை. போன மாதமும் மனு கொடுத்திருக்கிறோம்.