மீதியை வெள்ளித்திரையில் காண்க! பள்ளிக்கரணை வழியே ஒரு ‘முன்காட்சி’ பயணம்

சூப்பர் ஹீரோ படத்தின் முதல் காட்சியை, ரிலீஸுக்கு மூன்று மாதம் முன்னாடியே பார்த்துவிடலாமா? பார்த்துவிட்டால், அப்புறம் தியேட்டருக்குப் போவதில் என்ன சுவாரஸ்யம் மிச்சமிருக்கும்?

சென்னையில் இதை யோசித்துப் பார்க்கப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. வேளச்சேரி - தாம்பரம் சாலை! தாம்பரத்தில் பஸ் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிடுங்கள். மேடவாக்கம், பள்ளிக்கரணை, கைவேலி, விஜயநகர் என்று வண்டி ஊர்ந்து வரும். பஸ்ஸில் பாதிப் பேர் கையில் செல்போன். அதில் ஏதோ ஒரு படத்தின் டீஸர் ஓடிக்கொண்டிருக்கும். தாம்பரம் பக்கம் வித்யா, குரோம்பேட்டையில் வெற்றி என்று தலைமுறைகள் பார்த்த தியேட்டர்கள். வேளச்சேரி முனையில் ஐமேக்ஸ். நடுவில், பஸ் ஜன்னலுக்கு வெளியே, கண்ணுக்கு எட்டும் வரை கோரையும் தண்ணீருமாக பள்ளிக்கரணை சதுப்பு நிலம். முன்காட்சி பார்க்கிற பழக்கத்தை இந்த ஒரே சாலையில் மூன்று விதமாகப் பார்த்துவிடலாம்.

பனியில் விழுந்த சூப்பர்மேன்

முதலில் செல்போன். ஜேம்ஸ் கன் இயக்கிய ‘சூப்பர்மேன்’ 2025 ஜூலை 11 அன்று திரைக்கு வந்தது. ஆனால், அந்தப் படத்தின் தொடக்கக் காட்சியில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடத்தை ஏப்ரல் 3-ம் தேதியே இணையத்தில் வெளியிட்டுவிட்டார்கள். பள்ளிக்கரணை சிக்னலில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கிற நேரத்திலேயே பார்த்து முடித்துவிடலாம்.

அந்தக் காட்சியில் என்ன இருந்தது? வெள்ளைவெளேரென்ற பனிப் பாலைவனம். வானத்திலிருந்து ஒருவன் தொப்பென்று விழுகிறான். சிவப்பு கேப், மார்பில் அந்த ‘எஸ்’. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. வாயில் ரத்தம். சிரமப்பட்டு ஒரு விசில் அடிக்கிறான். தூரத்தில் பனியைக் கிளப்பிக்கொண்டு ஏதோ பாய்ந்து வருகிறது. வந்து நிற்பது கிரிப்டோ என்கிற நாய்க்குட்டி! அடிபட்டுக் கிடப்பவனைக் காப்பாற்றாமல், அவன் மேலேயே ஏறிக் குதித்து விளையாடுகிறது. அப்புறம்தான் கேப்பைக் கவ்வி அவனை வீட்டுக்கு இழுத்துப் போகிறது. கன் வளர்த்த ‘ஓஸு’ என்ற சேட்டைக்கார நாய்தான் கிரிப்டோவுக்கு முன்மாதிரி.

ஹீரோ என்ட்ரி என்றால் நமக்கு விசில், பேப்பர் மழை, ஸ்லோமோஷன் நடை. இங்கே ஹீரோ தோற்று, குப்புற விழுந்து அறிமுகமாகிறான். அவனை அடித்தது யார், ஏன் தோற்றான் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் நம் கையில் கொடுத்துவிட்டு காட்சி முடிந்துவிடுகிறது. நல்ல முன்காட்சியின் ரகசியம் இதுதான். அது கதையைச் சொல்லாது. கேள்வியை மட்டும் கேட்கும்.

வேளச்சேரியில் ஒரு பெரிய திரை

பஸ் விஜயநகரை நெருங்கினால் அடுத்த நிறுத்தம் ஐமேக்ஸ். வேளச்சேரி ஃபீனிக்ஸ் மால் 2013-ல் திறந்தது. அங்கே 2015-ல் சென்னையின் முதல் ஐமேக்ஸ் திரை வந்தது. அதற்கு முன்னால் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு ஐமேக்ஸ் என்றால் ஐதராபாத்தின் பிரசாத்ஸ்தான். படம் பார்ப்பதற்காகவே ராத்திரி ரயில் பிடித்துப் போனவர்கள் உண்டு. பள்ளிக்கரணைக்காரர்களுக்கோ இப்போது அது பக்கத்து ஏரியா.

முன்காட்சி என்கிற விஷயத்தை ஒரு திருவிழாவாக்கியதில் இந்த ஐமேக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’ 2008 ஜூலையில் வெளியானது. அதற்கு ஏழு மாதம் முன்னால், 2007 டிசம்பரில் ‘ஐ ஆம் லெஜண்ட்’ படம் பார்க்க ஐமேக்ஸ் தியேட்டர்களுக்குப் போன வெளிநாட்டு ரசிகர்களுக்கு ஓர் ஆச்சர்யம் காத்திருந்தது. மெயின் படத்துக்கு முன்னால் ‘டார்க் நைட்’டின் தொடக்கக் காட்சி, சுமார் ஆறு நிமிடம், முழுசாக ஓடியது.

கோமாளி முகமூடி போட்ட கொள்ளையர்கள் வங்கிக்குள் நுழைகிறார்கள். வேலை முடிய முடிய ஒருவரை ஒருவர் தீர்த்துக்கட்டுகிறார்கள். கடைசியில் மிஞ்சும் ஒருவன் முகமூடியைக் கழற்றுகிறான். ஜோக்கர்! பேட்மேன் படத்தின் முன்காட்சியில் பேட்மேனே இல்லை. வில்லனை மட்டும் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

அந்த முகமூடிக்குப் பின்னால் இருந்தவர் ஹீத் லெட்ஜர். 2008 ஜனவரி 22 அன்று, 28 வயதில் அவர் இறந்துபோனார். டிசம்பரில் ‘யாரப்பா இது, மிரட்டுகிறாரே’ என்று வியந்து போனவர்கள், ஜூலையில் அதே காட்சியைக் கனத்த மனதோடு பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. பார்த்தவர்களின் மனசுதான் மாறியிருந்தது. 2009-ல் அந்த வேடத்துக்காக அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தபோது, வாங்கிக்கொள்ள அவர் குடும்பத்தினர் மேடை ஏறினார்கள்.

அடுத்த பாகமான ‘தி டார்க் நைட் ரைசஸ்’ஸுக்கும் இதே உத்திதான். 2011 டிசம்பரில் ‘மிஷன் இம்பாஸிபிள்: கோஸ்ட் புரோட்டோகால்’ படத்தோடு, தேர்ந்தெடுத்த ஐமேக்ஸ் திரைகளில் விமானக் கடத்தல் காட்சி ஓடியது. ஆனால் இந்த முறை பாராட்டோடு ஒரு புகாரும் சேர்ந்து வந்தது. வில்லன் பேன் முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசுவது ஒன்றும் புரியவில்லை என்றார்கள். 2012 ஜூலையில் முழுப் படம் வந்தபோது அந்தக் குரல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. முன்கூட்டியே காட்டுவதில் இப்படியும் ஒரு லாபம்: கோளாறு இருந்தால் ஊர் முன்னாடியே சொல்லிவிடும், சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

தாத்தா காலத்து ‘ஸ்னீக் பீக்’

இதெல்லாம் ஹாலிவுட்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் ‘பாட்டுப் புத்தகம்’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம். பாட்டு வரிகளோடு கதைச் சுருக்கமும் இருக்கும். நாயகி கடத்தப்பட்டாள், நாயகன் மீது பழி விழுந்தது என்று விறுவிறுப்பாகப் போய், சரியான இடத்தில் கதை நின்றுவிடும். கீழே ஒரு வரி: மீதியை வெள்ளித்திரையில் காண்க!

அப்புறம் வானொலியில் ஒலிச்சித்திரம் வந்தது. படத்தின் வசனங்களையும் பாட்டுகளையும் காதால் கேட்டே மனசுக்குள் படம் ஓட்டிப் பார்த்த தலைமுறை அது. வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் ‘ஒலியும் ஒளியும்’ வந்தால், புதுப் படத்தின் ஒரு பாட்டைப் பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடும். இன்று அதே வேலையை யூடியூபில் வரும் இரண்டு நிமிட ‘ஸ்னீக் பீக்’ செய்கிறது. கருவி மாறியிருக்கிறது. ‘கொஞ்சம் காட்டி, மீதியைக் காத்திருக்க வை’ என்கிற உத்தி அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. அன்று எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். இன்று ஆளுக்கொரு போனில் தனித்தனியாகப் பார்க்கிறோம். சூப்பர்மேன் விழுகிற அதே பனிக்காட்சியில் நாய் குதிக்கும்போது, தியேட்டர் என்றால் நானூறு பேர் ஒன்றாகச் சிரிப்பார்கள். பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிப் பார்ப்பவர் தனக்குள் சிரித்துக்கொள்கிறார். முன்காட்சியைப் பார்த்தவர்களும் முழுப் படத்துக்கு டிக்கெட் எடுப்பது இந்தக் கூட்டச் சிரிப்புக்காகவும்தான்.

சதுப்பு நிலம் காட்டும் டிரெய்லர்

இப்போது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். பள்ளிக்கரணைக்காரர்களுக்கு முன்காட்சி புதிதில்லை. ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் அவர்களுக்கு ஒன்று கிடைக்கிறது. டிக்கெட் இல்லை, திரை இல்லை. சதுப்பு நிலத்தின் தண்ணீர் மட்டம்தான் அந்தக் காட்சி.

தென்சென்னைப் புறநகரில் ஏரிகள் நிரம்பினால், உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி, கடைசியில் வந்து சேருவது இங்கேதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். வருகிற வழிகள் பல. போகிற வழி குறுகல். நடுவில் ஒரு பெரிய பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொண்டு, மெதுவாக வெளியே விடுகிற வேலையை சதுப்பு நிலம் செய்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த பஞ்சு இது. குப்பைக் கிடங்கு, சாலைகள், கட்டடங்கள் என்று நாலாபக்கமும் நெருக்கியதில் அதில் சிறு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,248 ஹெக்டேர் பரப்பு ‘ராம்சார்’ பட்டியலில் சேர்ந்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதியைப் பெற்றது.

அக்டோபர் கடைசியில் கோரைப்புல் தலை மட்டும் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டால், இங்கே நீண்ட நாள் குடியிருப்பவர்கள் வண்டியை மேடான இடத்தில் நிறுத்த ஆரம்பிப்பார்கள். தரைத்தள வீடுகளில் அரிசி மூட்டை பரணுக்கு ஏறும். சான்றிதழ்கள் பிளாஸ்டிக் கவருக்குள் போகும். ‘இன்னும் டிசம்பர் இருக்கே’ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு விட்டுத்தான் மக்களை மீட்க வேண்டியிருந்தது. வானத்திலிருந்து கேப் கட்டிக்கொண்டு யாரும் இறங்கி வரவில்லை. மீட்புப் படையினரும் மீனவர்களும் அக்கம்பக்கத்து இளைஞர்களும்தான் வந்தார்கள்.

சினிமா முன்காட்சியை ரசித்தால் போதும். சதுப்பு நிலம் காட்டுகிற முன்காட்சியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பேனின் குரல் புரியவில்லை என்று சொன்னதும் சரிசெய்ய ஏழு மாதம் கிடைத்தது. ஒக்கியம் மடுவு அடைத்திருக்கிறது என்று அக்டோபரில் சொன்னால், டிசம்பருக்கு இருப்பது சில வாரங்கள்தான்.

பயமுறுத்தும் காட்சி மட்டுமல்ல, அழகான காட்சியும் இங்கே உண்டு. மழைக்குப் பின் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். பூநாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நாமக்கோழி, இலைக்கோழி என்று காலை வெயிலில் ஒரு பட்டியலே போடலாம். பூநாரைக் கூட்டம் ஒன்றாக எழும்பி இறக்கையின் சிவப்பைக் காட்டுகிற நொடிக்கு எந்த ஐமேக்ஸும் ஈடில்லை.

குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறரைக்குள் பள்ளிக்கரணைக்கு வந்துவிடுங்கள். சதுப்பு நிலத்தையொட்டி நடைபாதையோடு ஒரு சூழலியல் பூங்கா இருக்கிறது. பைனாகுலர் இருந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு, வேளச்சேரிக்கு பஸ் பிடித்தால் பகல் காட்சிக்குப் போய்விடலாம். படம் ஆரம்பிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாடியே சீட்டில் இருங்கள். முன்காட்சிகள் ஓடுவது அப்போதுதான்.

பெற்றோருக்கு இரண்டு விஷயங்கள். தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்கும் சென்சார் சான்றிதழ் உண்டு. இணையத்தில் வெளியாகும் முன்காட்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் சின்னப் பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கும் முன் ஒரு முறை நீங்கள் பார்த்துவிடுவது நல்லது. படத்துக்குப் போகும்போது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று புதிதாக வந்திருக்கும் வயதுக் குறிப்பையும் கவனியுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு விஷயம். பெரிய திரையில் ஓடுவதை போனில் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஆசை வேண்டாம். 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் அனுமதியில்லாமல் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை. அபராதம் மூன்று லட்சம் ரூபாயில் ஆரம்பிக்கிறது.

போனைப் பையில் போட்டுவிட்டுப் பாருங்கள். காலையில் பூநாரை, பகலில் சூப்பர் ஹீரோ. இரண்டையும் பற்றி இங்கே சொன்னது கொஞ்சம்தான். மீதியை நேரில் காண்க!