நல்ல இரும்பு வரும்வரை

எண்ணூர் விரைவு சாலையில் நாள்தோறும் போய்வரும் காரை மேலே எவ்வளவு கழுவித் துடைத்தாலும் அதன் உண்மையான வயது அடியில்தான் தெரியும். காசிமேட்டைத் தாண்டிவிட்டால் பல இடங்களில் சாலைக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல் குவியலைத் தவிர வேறொன்றும் இல்லை. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அலைச் சாரல் சாலைமேலேயே விழும். மீன் ஏற்றிய வண்டிகள் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். டயர்கள் அத்தனையையும் வாரி வண்டியின் வயிற்றில் பூசிவிடும். புழலில் வீடு, திருவொற்றியூரில் வேலை என்று வருடக்கணக்கில் ஓடிய என் பழைய காரில் இது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக ஜாக்கி போட்டுத் தூக்கியபோது தெரிந்தது.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. இவ்வளவு கட்டிப் புதுப்பிக்கிற வண்டி பத்திரமாக ஓட வேண்டுமே என்று அடியில் படுத்துப் பார்த்தேன். கிராஸ் மெம்பரின் ஓரம் உப்பிப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தியதும் உள்ளே போய்விட்டது.

சப்ஃப்ரேமைப் பட்டறைகளில் கிராஸ் மெம்பர் என்றுதான் சொல்வார்கள். எஞ்சினுக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் இரும்புப் பெட்டி அது. முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் இரண்டும் ஸ்டீரிங் ராக்கும் அதில்தான் போல்ட் போட்டு நிற்கின்றன. பிரேக் அடிக்கும்போது சக்கரத்தில் விழும் இழுப்பு அதன் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. கதவில் ஓட்டை விழுந்தால் பார்வைக்குத்தான் கேடு. இது கிழிந்தால் ஓட்டத்திலேயே சக்கரம் கோணிக்கொள்ளும்.

அழுத்தி வளைத்த இரண்டு தகடுகளைக் கவிழ்த்து ஓரத்தில் வெல்டு வைத்த பெட்டி என்பதால் துரு அதற்குள்ளிருந்தே புறப்படுகிறது. இரண்டு தகடும் சேரும் இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. உப்புக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். நம் கடலோரக் காலைகளில் காற்று அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும் அந்த இடுக்கு நனைந்துதான் கிடக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. அது உள்ளே பெருகிப் பெருகித் தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது. வெளியே தெரிந்த உப்பல் அதுதான்.

எங்கள் தெருவில் ரயில்வேயின் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துக் காட்டினேன். சிப்பிங் சுத்தியலால் அந்தப் பெட்டியை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீர் என்றது, அழுகின இடத்தில் பொத்தென்று அடங்கியது. போல்ட் துளைகளைச் சுற்றி இரண்டு தடவை தட்டினார். “தம்பி, ஆர்ம் மாட்டுற எடம் கெட்டியா இருக்கு. நடுவுலதான் போயிருக்கு. பண்ணலாம். ஆனா துருமேல வெல்டு நிக்காது. நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டணும்” என்றார்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வடசென்னையின் நீண்ட அனுபவம் இருக்கிறது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப்., சுவிஸ் தொழில்நுட்ப உதவியோடு முழுக்க வெல்டு வைத்த எஃகு ரயில் பெட்டிகளைக் கட்டியது. அடிச்சட்டமும் பக்கச் சுவரும் கூரையும் ஒரே கூடாகச் சேர்ந்து பாரம் தாங்கும் அமைப்பு. இன்றைய காரின் பாடியும் அதே தத்துவம்தான். அந்தப் பெட்டிகளுக்குத் தீராத நோய் துரு. கழிவறைத் தண்ணீர் கசிந்து, தரைத் தகட்டின் பள்ளங்களிலும் ஓரத்து நெடுஞ்சட்டத்திலும் தேங்கி அரிக்கும். 1856 முதல் இயங்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் போன்ற பணிமனைகளில் தரையைத் திறந்து, அரித்த பகுதியை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்வதற்கென்றே தனிப் பிரிவுகள் இருந்தன. நம் பயணங்களில் காலடியில் இருந்த இரும்பு அப்படி எத்தனையோ முறை மாற்றப்பட்டது.

கிராஸ் மெம்பரைக் கழற்றி வைத்துச் செய்வதென்று முடிவானது. வண்டியில் இருக்கும்போதே வெல்டு வைத்தால் பெட்ரோல் ஹோஸ் பக்கத்தில் தீப்பொறி பறக்கும், படுத்துக்கொண்டு தலைக்குமேல் வைக்கும் வெல்டு சரியாக ஊறவும் செய்யாது. எஞ்சினை மேலிருந்து சங்கிலியில் தாங்கிப் பிடித்து, பேட்டரி கழற்றி, ஒவ்வொரு போல்ட்டாக இறக்கினோம். வெட்டுவதற்கு முன்பே துளைக்குத் துளை குறுக்களவு எடுத்துச் சுவரில் எழுதிவைத்தார் பெரியவர். காயலான் கடை ஆங்கிளில் ஒரு சட்டம் அடித்து, கிராஸ் மெம்பரை அதில் போல்ட் போட்டு முறுக்கினோம். வெல்டு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும். சில மில்லிமீட்டர் இழுத்தாலே லோயர் ஆர்ம் துளை இடம் மாறிவிடும். பிறகு எந்த மெஷினில் வைத்தாலும் அலைன்மென்ட் சேராது, டயர் ஒரு பக்கமாகவே தேயும்.

வெட்டுவதில்தான் மனம் தயங்கும். கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு, விரல் நுழையும் ஓட்டையைச் சுற்றி வெட்டத் தொடங்கினால் ஓரம் இன்னும் மெல்லிசாகவே இருக்கும். மறுபடி வெட்டினால் பழுப்புச் செதில். மறுபடியும் வெட்டினால்தான் வெள்ளிபோல் மின்னும் முழுக்கனத் தகடு. உள்ளங்கை அகலத்தில் இருந்த பிரச்சினை முழங்கை நீளத்துக்குப் போனது. பாதியில் நிறுத்தியிருந்தால் ராடு பட்டவுடன் மெலிந்த ஓரம் உருகி ஓடியிருக்கும். ஒட்டிக்கொண்டதுபோல் தெரிந்தாலும் ஒரே பள்ளத்தில் விட்டுப்போயிருக்கும்.

அட்டைப் பெட்டியில் மாதிரி வெட்டி, 2 மில்லிமீட்டர் கறுப்புத் தகட்டில் ஒட்டுத் துண்டு எடுத்தோம். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று கேட்டேன். அதிலிருக்கும் துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும், வெல்டிலும் துளை விழும் என்றார். துண்டின் நான்கு மூலைகளையும் வளைவாக்கினார். கூர்மூலையில்தான் இழுவிசை குவிந்து விரிசல் தொடங்கும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் இன்வெர்ட்டர் மெஷின், 12-ஆம் நம்பர் ராடு, 60, 70 ஆம்பியர். எதிரெதிர் மூலைகளில் டாக் எனும் புள்ளி வெல்டு வைத்து, குறுக்களவைச் சரிபார்த்து, அதன்பின் விரலளவு விரலளவாக ஒரு பக்கம் வைத்தால் அடுத்தது எதிர்ப்பக்கம். சிவப்பு அடங்கும்வரை காத்திருந்து, கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, மீண்டும் வைத்து, கடைசியில் சுற்றிலும் இடைவெளியில்லாத ஒரே கோடாக முடித்தோம்.

பிரிட்டனில் பனிக்காக ஆண்டுதோறும் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். அங்கே கார்களுக்கு நடக்கும் வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையில் இந்தத் துருவுக்கென்றே விதி இருக்கிறது. சஸ்பென்ஷன், ஸ்டீரிங், சீட் பெல்ட் முதலியவை மாட்டும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் துரு இரும்பை வலுவிழக்கச் செய்திருந்தால் வண்டி தோற்றுவிடும். ஒட்டுத் துண்டு போட்டால் சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்டு இருக்க வேண்டும், அங்கங்கே புள்ளி வைத்தது செல்லாது. பெரியவர் அந்த விதியைப் படித்தவர் அல்லர். ரயில் பெட்டியின் அடியில் கற்றது அவரையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. லோயர் ஆர்ம் துளையே அரித்திருந்தால் வீட்டில் வெல்டு வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. புதிது வாங்க வேண்டும், அல்லது புதுப்பேட்டையில் கிடைப்பதைத் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

வெல்டு முடிந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து அடித் தகட்டில் எதையோ தேடினார். தயாரிக்கும்போதே விட்ட வடிகால் துளைகள், சுண்டுவிரல் பருமனில், கட்டிப்போன சேற்றால் அடைந்து கிடந்தன. கம்பி விட்டுக் குத்தியதும் சாம்பல் நிறச் சேறு உதிர்ந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதித் தெருக்களில் தண்ணீர் நின்றபோது வண்டியும் அதில்தான் நின்றது. வெள்ளம் வடிந்தபின் இருக்கை, கார்பெட் எல்லாம் காயவைத்தோம். பெட்டிக்குள் புகுந்த சேறு மட்டும் உள்ளேயே தங்கி, துளையை அடைத்து, அதன்பின் பெய்த ஒவ்வொரு மழையையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் துளைகளைத் திறக்காமல் எத்தனை கெட்டியாக வெல்டு வைத்திருந்தாலும் புதுத் தகடும் அதே வழியில்தான் போயிருக்கும்.

ரயில்வேயும் இதே பாடத்தைத்தான் கற்றது. பல பத்தாண்டுகள் வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். துருவை எதிர்க்கும் கார்ட்டென் எஃகுக்கு மாறினார்கள். கடைசியில் துருப்பிடிக்காத எஃகில் கட்டும் எல்.எச்.பி. பெட்டிகளுக்கு வந்து, 2018 ஜனவரி 19 அன்று பழைய வகையின் கடைசிப் பெட்டியை ஐ.சி.எஃப். வழியனுப்பியது. ஒட்டுப் போடும் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், தண்ணீர் ஏன் அங்கே தங்கியது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் பழுது தீரும்.

வெளியே துத்தநாக பிரைமரும் அதன்மேல் கறுப்புப் பூச்சும் அடித்தோம். உள்ளே துளை வழியாக மெழுகுப் பூச்சைப் பீய்ச்சினோம். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கம் நம் பக்கம் உண்டு. அது ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், தரையில் சொட்டி மண்ணையும் கெடுக்கும். அதைத் தவிர்ப்பதே நல்லது. அலைன்மென்ட் சேர்ந்தது, வண்டி எஃப்.சி.யும் ஆனது.

கடலோரத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு காலை வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். வடிகால் துளை ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள். சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். பொத்தென்று கேட்டால் அதன்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், வெட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.