பனிக்கலப்பையும் ரப்பர் வளையமும்

பனி என்றவுடன் நம் நாட்டுத் தமிழர்க்கு நினைவுக்கு வருவது, விடியற்காலையிற் பால் வெட்டப் போகுங்கால் ரப்பர் இலைகளினின்று பிடரியிற் சொட்டும் குளிர்ந்த நீர்தான். ஒரு துண்டைத் தலையிற் கட்டிக்கொண்டால் அப்பனியின் வல்லமை தீர்ந்தது. கனடா நாட்டிற் பெய்யும் வெண்பனியோ அத்தகையதன்று. பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த நாம், பிழைப்பை முன்னிட்டு அந்நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஜார்ஜியன் விரிகுடாவுக்குக் கிழக்கே ஒரு நாட்டுப்புறத்திற் குடியேறி ஆண்டுகள் பல ஆயின. அங்கே நம் கையால் ஒரு பனிக்கலப்பை செய்த கதையையும், அதனால் நாம் பட்ட தலைகுனிவையும் வாசகர்களுக்கு உள்ளது உள்ளபடி எழுதத் துணிந்தோம்.

குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் காற்று, இன்னும் உறையாத பெரிய ஏரியின்மேல் தவழ்ந்து ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, கரையேறியதும் கொட்டிவிடுகின்றது. சில கல் தொலைவில் வெயில் காயும்; நம் வாசலிலோ முழங்கால் மட்டும் பனி கிடக்கும். 2010 டிசம்பரில், அம்மாகாணத்துச் சார்னியா நகருக்கருகே 402-ஆம் நெடுஞ்சாலையில், இத்தகைய பனியிற் சுமார் 300 பேர் தத்தம் வண்டிகளோடு அகப்பட்டுக்கொள்ள, ராணுவ ஹெலிகாப்டர்களும் மீட்புக்குச் செல்ல நேர்ந்தது.

பொதுச்சாலையை ஊராட்சியின் லாரிகள் ஒதுக்கிச் செல்லும். தனியார் பாதையை அவை எட்டியும் பாரா. நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவான பாதை 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். அதில் 30 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 180 கனமீட்டர் ஆகும். புதுப்பனி கனமீட்டருக்குச் சுமார் 100 கிலோ எனக் கொண்டால், ஓரிரவில் 18 டன் பாரம் நம் வாசலில் இறங்கிவிடுகின்றது என்பது கணக்கு! மண்வெட்டி கொண்டு வாருபவன் முதுகு என்னாகும்?

அடுத்த வீட்டுப் பெரியவர் சட்பரி நிக்கல் சுரங்கத்தில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் பழுதுற்றதால் வாரம் மும்முறை பட்டணத்து மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தைச் சுத்தி செய்துகொள்ள வேண்டியவர். பாதை அடைபட்டால் அவருக்கு உயிர்ச்சேதமே நேரலாம். கூலிக்குப் பனி ஒதுக்கி வந்தவர் தொழிலை விட்டபோது, "இனி நாமே ஒதுக்கித் தருகின்றோம்" என்று நாம் வாக்களித்தோம். "மின்கம்பி வேலைக்கு என்னையும் கூப்பிடும்" என்றார் பெரியவர். "தேவையில்லை, புத்தகம் வைத்திருக்கின்றோம்" என்றோம்.

அவ்விறுமாப்பு நமக்கு எங்கிருந்து வந்தது? நம் தந்தையார் தோட்டத்து ரப்பர்ச் சாலையில் எஞ்சின் கொட்டகைக் கையாள். அவர் ஸ்பானரை நாம் தொட்டால் புறங்கையில் அடி விழும். "கறுத்த கை இந்த வீட்டுக்கு என்னோடு போதும்டா, நீ பேனாவைப் பிடி" என்பார். கிராணிமார் அவரை நடத்திய விதத்தைக் கண்டவர் எவரும் அச்சொல்லைக் குறை கூறார். நாமும் பேனாவைப் பிடித்தோம். ஆனால் பேனாவோடு கூடவே, கைவேலை என்பது படித்தவன் இரண்டு நாளிற் கற்றுக்கொள்ளக் கூடியதே என்னும் எண்ணமும் நம்மையறியாமல் வந்து ஒட்டிக்கொண்டது.

நிற்க. நம்மிடம் இருந்தது, முன்னே இருவர் அமரவும் பின்னே சாமான் ஏற்றவும் வசதியுள்ள சிறிய வேலைவண்டி; நாற்சக்கரமும் உந்துவது. அதற்குக் கலப்பைப் பலகையாக, பழைய வெந்நீர்த் தொட்டியொன்றை நீளவாக்கில் அறுத்துக்கொண்டோம். உருளையின் வளைவே பனியைச் சுருட்டித் தள்ளுதற்கு ஏற்றது. தொட்டியின் உட்புறத்திற் கண்ணாடி போன்ற பூச்சு உண்டு. அதனைச் சுரண்டி இரும்பைக் காணாமற் பற்றவைத்தால் ஒட்டு நில்லாது. இதனை மூன்று ஒட்டுக்கள் பிரிந்து விழுந்த பின்னரே அறிந்தோம். பின்புறத்தில் இரும்புக் கோணங்களை விலாவெலும்பு போல் வைத்து, அடிவிளிம்பில் தேய்ந்தால் மாற்றத்தக்க தடித்த பட்டையைப் போல்ட்டு வைத்து முடுக்கினோம்.

தள்ளும் விசை எவ்விடத்திற் படவேண்டும் என்பதே இவ்வேலையின் உயிர்நிலை. வண்டியின் மூக்கிற் கட்டினால் மூக்கு நசுங்கும். ஆதலின் இரண்டு இரும்புக் கைகளை வண்டியின் அடியிற் கொண்டுசென்று, நடுச்சட்டத்திற் கீல் வைத்துப் பொருத்தினோம். பனிக்குள் மறைந்து கிடக்கும் கல்லில் மோதினால் பலகை முன்னே மடிந்து மீண்டும் நிமிரும்படி இரண்டு ஸ்பிரிங்குகள் வைத்தோம். இவை இல்லையேல் ஓட்டுகின்றவன் பல் போகும். (சுழன்று பனியை வெட்டி எறியும் ரயில் கலப்பைக்கு 1869-இல் உரிமை பெற்றவர் டொராண்டோ நகரத்துப் பல் வைத்தியர் என்பது இங்கு நினைவுக்கு வருகின்றது.) பலகையின் இரு முனைக்கும் தரையில் வழுக்கிச் செல்லும் இரும்புப் பாதங்கள் வேண்டும். நம்முடையது சரளைப் பாதை. பாதமின்றி ஓட்டிய முதல் நாளில் பாதிச் சரளையைப் பெரியவரின் புல்தரையில் எறிந்துவிட்டோம். அதனை வசந்தகாலம் முழுதும் வாரினோம்.

இனி மின்சாரம். பலகையைத் தூக்கி இறக்குவதற்கு வண்டி முகப்பில் விஞ்சு என்னும் கயிறிழுக்கும் மோட்டார் உண்டு. அது 12 வோல்ட்டு பாட்டரியில் ஓடுவது. முழுப்பாரத்தில் 100 ஆம்பியருக்கு மேலும் உறிஞ்சும். அவ்வளவு மின்சாரத்தை விரல் நுனியளவுச் சுவிச்சு தாங்காது. ஆகவே காண்டாக்டர் என்னும் இடைப்பெட்டி ஒன்றை வைப்பர். சுவிச்சினின்று மெல்லிய கம்பி வழியே கட்டளை செல்லும். அதனைக் கேட்டு இடைப்பெட்டி பருத்த கம்பியின் கதவைத் திறக்கும். சாவியை எடுத்தவுடன் சுவிச்சும் செத்துப்போகுமாறு இணைக்க வேண்டும். பாட்டரிக்கருகிலேயே, அளவு மீறினால் துண்டிக்கும் காப்புச் சாதனம் ஒன்றும் வைக்க வேண்டும். இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது, நாமும் படித்தோம். காப்புச் சாதனம் கடையில் இல்லை. அடுத்த வாரம் வரும் என்றார்கள். அதுவரையில் என்ன வந்துவிடப் போகின்றது என்று அஃதின்றியே இணைத்தோம். பருத்த கம்பியை முகப்புக்குக் கொண்டுசெல்லத் தகட்டில் ஒரு துளையிட்டு நேரே நுழைத்தோம்.

ஜனவரியில் ஓரிரவு பனி கொட்டியது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியவர் புறப்பட்டாக வேண்டும். நள்ளிரவில் வண்டியை எடுத்து இரண்டு நடை ஒதுக்கினோம், பெருமிதம் தாங்கவில்லை. மூன்றாம் நடையில் ரப்பர் கருகும் நாற்றம். தொடர்ந்து இருக்கையின் கீழ்ப் புகை. வண்டியின் உடல் முழுதும் பாட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தது. அதிர்ச்சியாலும் உராய்வாலும் தகட்டு விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிட, நேர்முனை அதன்மேல் பட்டுப் பாட்டரியின் முழுவலிமையும் அவ்விடத்தே பாய்ந்துகொண்டிருந்தது. இருக்கையைப் பெயர்த்தெறிந்து, கையுறையோடு எதிர்முனைக் கம்பியை ஸ்பானரால் பிடுங்கினோம். அதற்குள் ஒரு முழம் கம்பி சிவந்து, உறை சொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தொட்டி அதற்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பதைச் சொல்ல இப்பொழுதும் கூசுகின்றோம்.

வெளிச்சத்தைக் கண்டு பெரியவர் கைவிளக்கோடு வந்துவிட்டார். குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை. அவர் ஒன்றும் பேசாமல் துளைக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இங்கே ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்க வேண்டும். சில காசுதான் விலை" என்றார். பிறகு நம் முகத்தைப் பார்த்து, "நீர் ரப்பர் நாட்டிலிருந்து வந்தவரல்லவா?" என்றார்.

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. மெய்யாகவே வியந்து கேட்டார். நமக்கோ, பாலை உறைய வைத்துத் தகடாக்கி ஆலையில் ஏற்றிய அத்தனை பேரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பது போலிருந்தது. (இக்காலத்து வளையங்களிற் பல எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பரே என்பது வேறு விஷயம், அன்றிரவு அதனைச் சொல்ல நா எழவில்லை.)

அவர் சொற்படி கருகிய கம்பியை முற்றும் விலக்கிவிட்டுப் பாட்டரியை மீண்டும் இணைத்தோம். வண்டி ஓடிற்று, விஞ்சு ஓடவில்லை. ஒவ்வொரு நடையின் முடிவிலும் நாம் இறங்கி, பலகையைக் கையால் தூக்கிச் சங்கிலியிற் கட்டி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி இறங்கி அவிழ்த்தோம். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஐந்தரை மணிக்குப் பாதை திறந்தது. ஆறு மணிக்கு அவருடைய மனைவியார் காரை ஓட்டிச் சென்றார். பெரியவர் கண்ணாடி வழியே ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமையன்று அவர் நம் கொட்டகையில் நாற்காலி போட்டு அமர்ந்தார். புதுக்கம்பியைப் பழைய ரப்பர்க் குழாய்க்குள் செலுத்தி, துளைக்கு வளையமிட்டு, காப்புச் சாதனத்தைப் பாட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் வைத்து, ஒவ்வோர் இணைப்பையும் இழுத்துப் பார்க்கச் சொல்லி, நம் கையாலேயே செய்வித்தார். இரண்டிடத்தில் பிரித்து மறுபடி செய்யச் சொன்னார், செய்தோம். மாலையிற் சோப்பிட்டுத் தேய்த்தும் நகக்கண்களிற் படிந்த கறுப்புப் போகவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கையாலேயே பேனாவைப் பிடித்தோம்.